வெளிநாட்டுச் சில்லறை சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சேர்ப்பது பழங்காசு இல்லை. சோழர் காசு, கம்பெனி காசு, வெள்ளி ரூபாய் எதுவும் என்னிடம் கிடையாது. அந்தந்த நாட்டில் டீ குடிக்கவும் பஸ் ஏறவும் கொடுக்கிற சாதாரணச் சில்லறை மட்டும்தான். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படிச் சேர்க்கிறாய் என்று கேட்பவர்கள் அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இவை.

எங்கிருந்து தொடங்குவது? கடைக்குப் போகலாமா?

கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, இலங்கை என்று யாராவது போய்வராத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. போய்வந்தவர்கள் நோட்டை மாற்றிவிடுவார்கள். சில்லறையை மாற்ற முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அது ஒரு டப்பாவில் கிடக்கும்.

என் பெரியம்மா வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில். "உங்க பெரியப்பா பினாங்குலேர்ந்து வந்தப்போ சட்டைப்பையில கிடந்தது. செல்லாத காசு, உனக்கு எதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டே தரையில் கொட்டினார். எல்லாம் மலேசியாவின் 1989 வரிசைக் காசுகள். ஐந்து சென் காசில் பம்பரம், சென் என்பது அங்கே நம் பைசா மாதிரி. பத்து சென் காசைத் திருப்பினால் நம் பல்லாங்குழி, குழிகளோடு அப்படியே. அங்கே அதற்குச் சோங்காக் என்று பெயர். இருபது சென்னில் வெற்றிலைப் பெட்டி, ஐம்பது சென்னில் பட்டம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து சென் காசைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதுல பல்லாங்குழி இருந்துச்சா?" என்றார். 2012இல் இந்த வரிசைக்குப் பதிலாகப் புது வரிசை வந்துவிட்டது. எனவே இப்போது போய்வருபவர்கள் கொண்டுவருவதில் பல்லாங்குழி கிடைப்பது சிரமம். பழைய பாட்டில்களில்தான் தேட வேண்டும்.

யாராவது வெளியூர் கிளம்புகிறார் என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வரும்போது ஒவ்வொரு காசிலும் ஒண்ணே ஒண்ணு." 'சில்லறை இருந்தா கொண்டாங்க' என்று பொதுவாகச் சொன்னால் ஒரே காசில் பதினாறு வரும்.

தமிழ் எழுத்து உள்ள காசுகள் எவை?

இரண்டு நாடுகள். சிங்கப்பூர்க் காசில் அரசு முத்திரையைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கும், அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும். 1985 வரிசை முழுக்கச் செடியும் பூவும். ஒரு டாலர் காசில் இருப்பது நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி. 2013 வரிசையில் பூவெல்லாம் போய்க் கட்டடங்கள் வந்தன. பத்து சென்ட்டில் அடுக்குமாடி வீடுகள், இருபதில் சாங்கி விமான நிலையம், ஐம்பதில் துறைமுகம், ஒரு டாலரில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன். அழகு என்று பார்த்தால் என் ஓட்டு பழைய பூ வரிசைக்குத்தான்.

இலங்கைக் காசில் சிங்களம், ஆங்கிலத்தோடு 'இலங்கை' என்று தமிழில் இருக்கும். 2017இலிருந்து ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாய் எல்லாமே வெள்ளை நிறத் துருப்பிடிக்காத எஃகுக் காசுகளாக மாறின. மொரிஷியஸ் நோட்டில் தமிழ் உண்டு, காசில் இல்லை. இதைத் தெரியாமல் நான் ஒரு பை மொரிஷியஸ் காசை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

மணி சேஞ்சரிடம் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. அவர்கள் நோட்டு மட்டும்தான் வாங்குவார்கள், விற்பார்கள். யாராவது விட்டுப்போன காசு கல்லாவில் கிடந்தால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

சொந்தக்காரர்கள் யாரும் வெளிநாட்டில் இல்லையே?

மாமல்லபுரம், புதுச்சேரி போன்ற ஊர்களில் ஆட்டோ ஓட்டுபவர்கள், வழிகாட்டிகள், சிற்பக் கடைக்காரர்களிடம் பேசிப்பாருங்கள். சுற்றுலா வருபவர்கள் டிப்ஸாக யூரோ காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை எங்கேயும் மாற்ற முடியாமல் இவர்கள் வைத்திருப்பார்கள். அன்றைய மாற்று விலையைக் கைபேசியில் காட்டி, அதே விலைக்குக் கேளுங்கள். இரண்டு யூரோ காசு சுமார் இருநூறு ரூபாய். 'செல்லாத காசுதானே' என்று இருபது ரூபாய்க்குப் பிடுங்கிவருகிற ஆட்களும் இருக்கிறார்கள், அது நியாயமில்லை. சரியான விலை கொடுத்தால் அடுத்த காசுக்கு அவரே கூப்பிடுவார். எனக்கு அப்படி ஓர் ஆட்டோக்காரர் மூன்று வருடமாகக் காசு எடுத்துவைக்கிறார்.

தூத்துக்குடி மாதிரித் துறைமுக ஊரில் இருந்தால் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு சுரங்கம். ஒரே ஆளிடம் ஏழெட்டு நாட்டுச் சில்லறை இருக்கும்.

கோயில் உண்டியலிலும் வெளிநாட்டுக் காசு நிறைய விழுகிறது. திருப்பதி தேவஸ்தானம் அப்படி விழுந்த வெளிநாட்டு நாணயங்களை ஏலத்தில் விற்பதுண்டு. அதெல்லாம் மொத்த வியாபாரிகளுக்கானது, நம் சக்திக்கு மிஞ்சியது. ஆனால் பிளாட்பாரத்தில் துணி விரித்துக் காசு விற்பவரின் குவியலுக்கு இப்படிப்பட்ட மொத்தச் சரக்கும் வந்துசேரும்.

கிலோ கணக்கில் விற்கிறார்களே, வாங்கலாமா?

ஒரே ஒரு தடவை வாங்கலாம், அனுபவத்துக்காக. நான் இணையத்தில் ஒருவரிடம் இரண்டு கிலோ வாங்கினேன். படத்தில் யானை, மீன், ஓட்டைக் காசு என்று கண்ணைப் பறித்தது. வந்த மூட்டையில் பாதிக்குமேல் பழைய பிரெஞ்சு பிராங்க், ஜெர்மன் பிஃபென்னிக், இத்தாலி லீரா. 2002 ஜனவரி 1 அன்று யூரோ காசு புழக்கத்துக்கு வந்ததும் இவை செலவுக்கு உதவாத உலோகமாகி, மலிவான லாட்டுகளில் சேர்ந்துவிட்டன. ஐம்பது லீராவில் மட்டும் நாற்பது வந்தது. சேகரிப்பில் ஒன்றுக்கு இடமுண்டு, நாற்பதை என்ன செய்வது?

கிலோவுக்குப் பதில், உதிரியாகப் பொறுக்கிக்கொள்ள விடுகிறவரிடம் போங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் எடுப்பது ஒவ்வொன்றும் உங்களிடம் இல்லாததாக இருக்கும்.

காசு கையில் இருக்கிறது, எந்த நாடு என்றே தெரியவில்லை. என்ன செய்ய?

இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவாரசியமான இடம், அவசரப்பட்டுக் கைபேசியில் படம் பிடித்துத் தேடாதீர்கள். முதலில் நீங்களே கண்டுபிடிக்க முயலுங்கள்.

ஆங்கில எழுத்து இருந்தாலும் பெயர் நமக்குத் தெரிந்த பெயராக இருக்காது. 'ஹெல்வெட்டியா' என்றிருந்தால் சுவிட்சர்லாந்து. 'மாக்யார்' என்று தொடங்கினால் ஹங்கேரி. 'சுவோமி' பின்லாந்து, 'ஸ்வெரியே' சுவீடன், 'ஹர்வாட்ஸ்கா' குரோஷியா, 'ஷ்கிபெரி' அல்பேனியா. பிரிட்டன் காசில் நாட்டின் பெயரே இருக்காது, மன்னர் அல்லது ராணியின் பெயரும் லத்தீன் சுருக்கெழுத்தும்தான். ராணி படம் இருப்பதாலேயே பிரிட்டன் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பின்புறம் கங்காரு என்றால் ஆஸ்திரேலியா, மேப்பிள் இலை என்றால் கனடா.

ஹெல்வெட்டியா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சுவிஸ் பத்து ராப்பன் காசின் வடிவம் 1879இலிருந்து மாறவில்லை. அந்த ஆண்டுக் காசு இன்றும் அங்கே செல்லும். சுவிஸ் சில்லறை கிடைத்தால் ஆண்டைப் பார்க்காமல் போடாதீர்கள், யார் கண்டது.

ஆங்கிலம் இல்லையா, அல்லது தேய்ந்துபோயிருக்கிறதா? படத்தைப் பாருங்கள். மூக்கு நீண்ட கூஜா இருந்தால் ஐக்கிய அமீரகத்தின் ஒரு திர்ஹாம், அது காபி கூஜா. பாய்மரக் கப்பல் என்றால் பெரும்பாலும் குவைத். நடுவில் ஓட்டை, நெற்கதிர், மஞ்சள் பித்தளை நிறம் என்றால் ஜப்பானின் ஐந்து யென். அந்தக் காசில் '5' என்ற எண்ணே கிடையாது. மதிப்பு 'கஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்தில் மட்டும்தான். கதிர் விவசாயத்துக்கு, கீழே உள்ள கோடுகள் தண்ணீருக்கு, ஓட்டையைச் சுற்றியிருக்கும் பல்சக்கரம் தொழிலுக்கு.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் நியூமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் எடை, விட்டம், நிறம், வடிவம் கொடுத்துத் தேடலாம். இலவசம்தான்.

ஆண்டு 2561 என்று போட்டிருக்கிறது. போலியா?

தாய்லாந்து. அவர்களுடையது புத்த ஆண்டு, 543ஐக் கழித்தால் 2018. பல நாடுகள் தங்கள் நாட்காட்டியைத்தான் காசில் போடுகின்றன. நேபாளத்தில் விக்ரம ஆண்டு, சுமார் 57 கழிக்க வேண்டும். இஸ்ரேலில் 3760 கழிக்க வேண்டும். ஜப்பானில் மன்னர் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்று இருக்கும். ஹெய்செய் 1 என்றால் 1989, ரெய்வா 1 என்றால் 2019. 2019 மே மாதம் மன்னர் மாறியதால் அந்த ஒரே ஆண்டில் ஹெய்செய் 31 காசும் உண்டு, ரெய்வா 1 காசும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அரபு எண்கள் பழகப் பத்து நிமிடம் போதும். புள்ளி வைத்தால் பூஜ்யம், சின்ன வட்டம் ஐந்து. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், வட்டத்தைப் பூஜ்யம் என்று படித்துவிடுவார்கள். நாம் எழுதும் 7 போல இருப்பது அங்கே ஆறு. கிண்ணம் போல மேலே விரிந்தால் ஏழு, அதையே கவிழ்த்தால் எட்டு. ஒன்றும் ஒன்பதும் நம்முடையது போலத்தான். அமீரகத் திர்ஹாமில் ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டு, ஆங்கில ஆண்டு என்று இரண்டு ஆண்டுகளும் அரபு எண்ணில் இருக்கும், 1419ம் 1998ம் ஜோடியாக. ஹிஜ்ரி மட்டும் இருந்தால் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். சவூதியின் ஒரு ரியால் காசில் 1438 என்றிருந்தால் 2016 வரும்.

பார்க்க ஒரே மாதிரி, ஆனால் ஒன்று கனமாகத் தெரிகிறது. ஏன்?

உலோகத்தை மாற்றியிருப்பார்கள். செம்பு விலை ஏறியதும் பல நாடுகள் செய்த வேலை இது. பிரிட்டனின் ஒரு பென்னியும் இரண்டு பென்ஸும் 1992 முதல் செம்பு பூசிய எஃகு. அதற்கு முந்தையது வெண்கலம். ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் புதுசு, ஒட்டாவிட்டால் பழசு. அமெரிக்க ஒரு சென்ட் 1982இல் செம்பிலிருந்து செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமுக்கு இறங்கியது. இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, தராசுதான் சொல்லும். நகைக்கடைக்காரர் பயன்படுத்துவது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவையுங்கள். என் சேகரிப்புக்காக நான் வாங்கிய பொருட்களில் இதற்குக் கொடுத்த காசுதான் முழுசாகப் பயன்பட்டது.

யூரோவை எப்படிச் சேர்ப்பது? தலை சுற்றுகிறது.

ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். ஒரு சென்ட் முதல் இரண்டு யூரோ வரை எட்டுக் காசுகள். நாடுகள் கூடிக்கொண்டே போகின்றன, குரோஷியா 2023இல் சேர்ந்தது. இதோடு மொனாக்கோ, சான் மரீனோ, வத்திக்கான், அந்தோரா போன்ற குட்டி நாடுகளுக்கும் தனிக் காசு. குட்டி நாட்டுக் காசை அன்றாடச் சில்லறையில் எதிர்பார்க்காதீர்கள், முக்கால்வாசி சேகரிப்பாளர்களுக்கே போகிறது. வத்திக்கான் காசு மாமல்லபுரம் ஆட்டோவில் கிடைத்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

'நாட்டுக்கு ஒரு செட்' என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுவாரியாகப் போகாதீர்கள். ஜெர்மனியில் மட்டும் காசு அடிக்கும் அக்கசாலைகள் ஐந்து. பெர்லினுக்கு ஏ, மியூனிக்குக்கு டி, ஷ்டுட்கார்ட்டுக்கு எஃப், கார்ல்ஸ்ரூவுக்கு ஜி, ஹாம்பர்குக்கு ஜே என்று ஒரு எழுத்து காசில் இருக்கும். எட்டுக் காசு, ஐந்து எழுத்து என்றால் ஓர் ஆண்டுக்கே நாற்பது. இருபது வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

தொடங்குபவர்களுக்கு யூரோவைவிட அமெரிக்கக் கால் டாலர் நல்லது. 1999 முதல் 2008 வரை வருடத்துக்கு ஐந்து மாநிலம் வீதம் ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு படம் போட்டார்கள். கோடிக்கணக்கில் அடித்தது, அதனால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறையிலேயே பாதி தேறிவிடும்.

அழுக்கான காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பிரிட்டனில் தசம நாணயம் தொடங்கிய 1971ஆம் வருடத்து இரண்டு பென்ஸ் ஒன்று, சாக்லேட் நிறத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடைத்தது. குத்துவிளக்கு விளக்குகிற ஞாபகத்தில் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் பளபளவென்று இளஞ்சிவப்பு. ஒரு வாரத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. ராணியின் கன்னத்தில் இன்றைக்கும் என் விரல் ரேகை இருக்கிறது. அந்தச் சாக்லேட் நிறம் இனி வரவே வராது.

விபூதி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. மண், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

எதில் வைப்பது?

மெல்லிய, வளைகிற, புது ஷவர் திரை போல வாசனை வரும் பிளாஸ்டிக் உறை பி.வி.சி. அதில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காசின்மேல் பச்சையாக ஒரு பிசின் படியும். அட்டை நடுவே மைலார் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய சதுர ஹோல்டர்கள் கிடைக்கின்றன, அவை நல்லது. அட்டையிலேயே நாடு, ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதிவிடலாம். ஸ்டேப்ளர் பின்னைக் குறடால் நசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

வெளிநாட்டுக் காசு வைத்திருப்பது சட்டப்படி சரியா?

சரிதான். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளின்படி, வெளிநாட்டு நாணயங்களை யாரும் அளவில்லாமல் வைத்திருக்கலாம். நோட்டுகளுக்குத்தான் உச்சவரம்பு உண்டு, 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை. ஆனால் காசைச் சாதாரணக் கடித உறையில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். அது தபால் விதிக்கு எதிரானது, வழியில் காணாமலும் போகும்.

இதெல்லாம் பிற்காலத்தில் லட்சத்துக்குப் போகுமா?

போகாது. லட்சக்கணக்கில் எடுத்துக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்கள் மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. லண்டன் கியூ தோட்டத்தின் கோபுரம் போட்ட 2009ஆம் ஆண்டு ஐம்பது பென்ஸ் 2,10,000 மட்டுமே புழக்கத்துக்கு விடப்பட்டது. முகமதிப்பைப் போலப் பல மடங்குக்கு விற்கிறது. அதற்காக அதைத் தேடியே அலைந்தால் மற்ற காசுகளைப் பார்க்க மறந்துவிடும்.

சில்லறையிலும் போலி உண்டா?

உண்டு. பிரிட்டனின் பழைய வட்டப் பவுண்டு நல்ல உதாரணம். நாற்பதுக்கு ஒன்று போலி என்று மதிப்பிட்டார்கள். அதனால்தான் 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கப் பவுண்டு வந்தது, அக்டோபரில் வட்டக் காசு செல்லாமல் போனது. என்னிடம் ஒரு போலிப் பவுண்டு இருக்கிறது. விளிம்பில் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கடைக்காரர்கள் ஏமாந்து வாங்கிய காசு என்பதால் அதுவும் ஒருவகையில் அன்றாடச் சில்லறைதான். 'போலி' என்று அட்டையில் எழுதி நல்லதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

நீங்கள் தேடிக்கொண்டே இருக்கும் காசு எது?

மலேசியாவின் ஒரு ரிங்கிட் காசு, கிரிஸ் கத்தி போட்டது. பெரியம்மா பாட்டிலில் இருந்த அதே 1989 வரிசைதான். கள்ளக்காசு பெருகியதால் 2005 டிசம்பரில் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது, எனக்கு அப்படி வாங்க விருப்பமில்லை. வரிசையிலேயே பெரிய மதிப்புள்ள காசு என்பதால் ஊருக்குக் கிளம்பும்போது எல்லோரும் செலவழித்துவிடும் காசும் அதுதான். பெரியப்பாவும் விமானம் ஏறும் முன் டீயோ பன்னோ வாங்கித் தீர்த்திருக்கிறார், பாட்டிலில் அது மட்டும் இல்லை. பினாங்கு, ஈப்போ, கிள்ளான் பக்கம் இருந்துவிட்டு 2005க்கு முன்னால் ஊர் திரும்பிய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் பழைய மணிபர்ஸ்களை ஒருமுறை உதறிப் பாருங்கள்.